டேப்புக்கு வைத்த சந்தனம்

நீங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்னால், எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி எட்டே மாதம் ஆகியிருந்தபோது, நான் கோயமுத்தூரில் பாட்டுப் பதிவு செய்கிற ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிங்காநல்லூரில் மோட்டார் சாமான் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். ஓர் அறையின் சுவரெல்லாம் தேங்காய் நார் மெத்தை அடித்திருக்கும். பாடுகிறவர்கள் அதற்குள் நிற்பார்கள். அடுத்த அறையில் நானும் மெஷினும் இருப்போம்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். முதலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டினேன். பிறகு கல்யாணங்களுக்கு மைக் செட் போட்டேன். அங்கே என் கைவேலையைப் பார்த்துத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு துரவுள்ள குடும்பத்துக்காரர். நார் மெத்தை அவருடைய சொந்தத் தொழிற்சாலைச் சரக்கு. பாட்டு என்றால் உயிர். அந்த மெஷினைச் சிங்கப்பூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் கையில் வரவழைத்திருந்தார்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பழைய டேப் ரிக்கார்டர் என்றால் எல்லோரும் ஒன்றாக வாசித்து, ஒன்றாகப் பாடி, ஒரே தடவையில் பதிய வேண்டும். ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் மறுபடி வேலை. இந்த மெஷினில் எட்டு டிராக் இருந்தது. குரல் ஒரு டிராக்கில், கிடார் ஒன்றில், தபேலா ஒன்றில் என்று தனித்தனியாகப் பதியலாம். கிடார் பிசகினால் கிடாரை மட்டும் திரும்ப எடுக்கலாம். எல்லாம் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் எண்களாகச் சேமித்திருக்கும். முதல் நாள் அதில் ஒரு குரலை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டுக் கேட்டபோது திரும்பத் திரும்ப அதையே போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம்!

ஆனால் அதற்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, நினைத்தபோது கரண்டை நிறுத்தக் கூடாது. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். அது தன் நினைவில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதி முடித்து, இப்போது அணைக்கலாம் என்று திரையில் சொல்லும். அப்புறம்தான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். இன்னொன்று, டிஸ்க் சின்னது. அது நிறைந்துவிடும், அல்லது கெட்டும் போகலாம். அதனால் வேலை முடிந்த பாட்டுகளை டேட் டேப் என்கிற சின்ன கேசட்டில் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும். சாதாரண கேசட்டில் பாதிதான் இருக்கும் அது; அதை ஓட்டப் பக்கத்தில் டேட் மெஷின் என்று தனியாக ஒன்று உண்டு. பேக்கப் எடுக்கும்போது ஸ்பீக்கரில் பாட்டு கேட்காது. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல்தான் கேட்கும். அந்த இரைச்சலுக்குள்ளேதான் பாட்டெல்லாம் எண்களாக இருக்கிறது.

பேக்கப் நான் பத்துத் தடவைக்கு மேல் எடுத்திருந்தேன். அதைத் திரும்ப மெஷினில் ஏற்றிப் பார்த்தது மட்டும் ஒரு தடவைகூட இல்லை. தேவை வரவில்லையே என்று இருந்துவிட்டேன்.

அந்தப் புரட்டாசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஓர் அக்கா வந்தார்கள். சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலை. அவர்களுடைய அப்பா அம்மா பாக்குத் தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் கூலிக்குப் போனவர்கள். அக்கா தங்கள் ஊர் சர்ச்சில் பாடுவார்கள். கிறிஸ்துமசுக்கென்று தாங்களே எழுதி மெட்டுப் போட்ட ஆறு பாட்டு வைத்திருந்தார்கள். கூட வந்தவர் அவர்களுடைய வீட்டுக்காரர், ஊட்டி பஸ்ஸில் கண்டக்டர்.

வந்த அன்றைக்கே அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் தைராய்டு கட்டி. பத்து நாளில் ஆபரேசன்.

"குரல் நரம்பு அதுக்குப் பக்கத்தாலயே ஓடுதாமுங்க தம்பி. டாக்டரு சொல்லிப்போட்டாரு. குரல் மாறலாமாம், வராமயும் போகலாமாம். அதனால இருக்கறப்பவே பாடி வெச்சிரலாம்னு வந்துட்டேன். நீ நல்லாப் புடிச்சு வெச்சுக்கோ, நான் போயி அறுத்துட்டு வாரேன்."

ஏதோ மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன் என்பதுபோல் சொன்னார்கள். நான்கு நாள் பாடினார்கள். என்ன குரல் தெரியுமா அது! மேலே போகும்போது கிறீச்சிடாது, கீழே வரும்போது அடைக்காது. கடைசிப் பாட்டை முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி, "சரி, இனி இது உன்ற பொறுப்பு" என்றார்கள். மறுநாளே நான் ஆறு பாட்டையும் டேட் டேப்பில் பேக்கப் எடுத்து அலமாரியில் வைத்தேன். ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்று கண்டக்டர் அண்ணன் போன் செய்து சொன்னார். ஒரு மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

நம் ஊரில் ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். லேத் பட்டறையிலிருந்து தையல் மெஷின்வரைக்கும் துடைத்துக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, அன்றைக்கு அதுகளுக்கு ஓய்வு கொடுப்போம். பூஜைக்கு அப்புறம் யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுத்து ஓட்ட வேண்டும். முதலாளி இதில் ரொம்பக் கண்டிப்பு.

"தம்பி, ஒண்ணு உடாம பொட்டு வையுங்க. மைக்கு, ஒயரு, கேசட்டு எல்லாத்துக்கும். எதுவும் மனசு நோகக் கூடாது."

நானும் கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தேன். மிக்சருக்கு வைத்தேன். மைக் ஸ்டாண்டுக்கு வைத்தேன். அலமாரியைத் திறந்து, அடுக்கியிருந்த டேட் டேப்புகளை உறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பக்தியோடுதான் வைத்தேன். புத்தியோடு வைத்திருக்கலாம்.

பூஜை ஆரம்பிக்கும்போது முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது.

"மெஷினு ஒரு பாட்டுப் பாடட்டுமுங்க. தீபாராதனைக்கு அதுவே பாடுனா எப்புடி இருக்கும்!"

"அண்ணா, முழுசா முடிஞ்ச பாட்டுன்னா அந்த அக்காவோட கிறிஸ்துமஸ் பாட்டுத்தானுங்க இருக்குது."

"அதனால என்னுங்க? எந்தச் சாமியா இருந்தா என்ன, நல்ல குரலு. போடுங்க."

போட்டேன். மாட்டுத் தொழுவத்தில் குழந்தை பிறந்ததை அக்கா பாட, முதலாளி மெஷினுக்குக் கற்பூரம் காட்டினார். கீழே கடைக்காரர்களெல்லாம் ஏறி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மணி அடித்து முடிந்ததும் முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய ஒரு நிமிஷம்தான் இருந்தது.

"ஓய்வு குடுத்தரலாம்!" என்று சொல்லிக்கொண்டே போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டார்.

பாட்டு பாதி வரியில் நின்றது. மெஷினுக்குள் டிஸ்க் சுற்றுகிற சத்தம் உய்யென்று இறங்கி அடங்கியது. பட்டனை நான் அமுக்கவில்லை. அது எதையும் எழுதி முடிக்கவில்லை.

"அண்ணா! அண்ணா, ஒரு தடவை போட்டுப் பார்த்துரலாமுங்களா?"

"இன்னைக்கா? பூஜை போட்டாச்சுங்களே தம்பி. நாளைக்குக் காலையில அந்த அக்காவும் வருது, அது கையாலயே ஆரம்பிச்சரலாம்."

ஆமாம், மறுநாள் காலை அக்கா வருவதாக இருந்தது. ஆறு பாட்டின் டிராக்குகளையும் ஒன்றாகக் கலந்து மிக்ஸ் செய்து மாஸ்டர் டேப் எடுத்துக் கொடுத்தால், கண்டக்டர் அண்ணன் அன்று சாயங்கால ரயிலில் மெட்ராஸ் கொண்டுபோய்க் கேசட் பிரதி போடுகிற இடத்தில் சேர்க்க வேண்டும். விட்டால் கிறிஸ்துமசுக்குக் கேசட் வராது.

நான் மெஷினின் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நல்லவேளை, புத்தகத்துக்குப் பொட்டு வைத்திருந்தாலும் அதைத் தொடக் கூடாது என்று முதலாளி சொல்லவில்லை. முழுக்க இங்கிலீஷ். உங்கள் அம்மா பன்னிரண்டாவது முடித்தவள், அகராதி வைத்து இங்கிலீஷ் படிப்பாள். பொரியைக் கொறித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"ஏனுங்க, இங்க கட்டம் கட்டி, கட்டத்துக்குள்ள ஒரு முக்கோணம் போட்டு எழுதியிருக்குதுங்க."

"என்னன்னு எழுதியிருக்குது அம்மணி?"

"சொல்லாம அணைச்சா உள்ள இருக்கறது போயிருமாம். மொத்தமாவே கூடப் போயிருமாம்."

"மெதுவாப் படி."

"மெதுவாப் படிச்சாலும் அதேதானுங்க எழுதியிருக்குது."

அந்த அக்காவின் குரல் இப்போது கழுத்தில் இல்லை. மெஷினில் இருக்கிறதா என்று தெரியாது. ஓடிப்போய்ப் போட்டுப் பார்க்கவும் முடியாது. ஆனால் உங்கள் அம்மா மனசை விடவில்லை. "போனது போயிருந்தாலும் திரும்ப ஏத்தறதுக்கு வழி இருக்குமில்லீங்க" என்று அந்தப் பகுதியைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். காலையில், "நானும் வாரேன். அந்த மெஷினு இங்கிலீஷ்ல எதாச்சும் கேட்டா நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?" என்று நோட்டும் கையுமாகக் கிளம்பிவிட்டாள்.

நாங்கள் போனபோது அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் கட்டு. மடியில் நாற்பது பக்க நோட்டு, பேனா. பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பார்கள், கண்டக்டர் அண்ணன் படித்துச் சொல்வார். அவரோ பஸ் நிறுத்தம் கூவுகிற அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் படிப்பார்.

என்னைப் பார்த்ததுமே அக்கா எழுதினார்கள்.

"'தம்பி மூஞ்சி ஏன் வாடிக் கெடக்குது? ஆபரேசன் எனக்கா அவனுக்கா?'" என்று அண்ணன் கூவினார்.

நான் சிரிக்க முயன்று, மெயினைப் போட்டு, மெஷினைப் போட்டேன். டிஸ்க் சுற்றியது. திரை வெளிச்சமானது. வழக்கமாக ஆறு பாட்டின் பெயரும் வரிசையாக வரும். அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது. உங்கள் அம்மா என் காதோரம் சொன்னாள்: "பாட்டு ஒண்ணும் இல்லைங்குதுங்க."

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அக்காவின் கழுத்துக் கட்டைப் பார்த்ததும் அது முடியவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். முதலாளி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அய்யோ, நானாப் போயி மெயினை எறக்கிப்போட்டனே! அம்மணி, தெரியாம செஞ்சுபோட்டனுங்க."

அக்கா எழுதினார்கள். ரொம்ப நேரம் எழுதினார்கள். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டுப் படிக்காமல் நின்றார்.

"என்னுங்க எழுதியிருக்குது?" என்றேன்.

"மொதல்ல எழுதுனதை அடிச்சுட்டா. மிச்சம் இருக்கறதைப் படிக்கறேன். 'டேப்பு ஒண்ணு எடுத்து வெச்சேன்னியே, அதைப் போடு. அழுகறதுன்னா அப்புறம் எல்லாருமாச் சேந்து அழுதுக்கலாம்.'"

அலமாரியிலிருந்து டேப்பை எடுத்து டேட் மெஷினில் போட்டேன். உள்ளே இழுத்தது. கர்ரென்றது. வெளியே தள்ளிவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி தள்ளியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நான் வைத்த பொட்டு! நீர்க்கக் கரைத்த சந்தனம், டேப்பைப் பாதுகாக்கிற முன்பக்க மூடிக்கு உள்ளே வழிந்து, காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. குங்குமப் பொடி வேறு. மூடி திறக்கவே மாட்டேன் என்றது.

முதலாளியைச் சொல்லி என்ன பயன்? மெயினை இறக்கியது அவர் என்றால், டேப்பைக் கெடுத்தது நான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நாங்கள் இருவரும் முதலாளியும் மேசையைச் சுற்றிக் குனிந்துவிட்டோம். உங்கள் அம்மா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அதன் முனையால் சந்தனப் பொருக்கை இம்மி இம்மியாகப் பெயர்த்தேன். முதலாளி மூச்சு விடாமல் டார்ச் அடித்தார். மூடி திறந்ததும் அவள் ஊக்காலேயே அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தேன். டேப்பில் வெளியே தெரிகிற விரற்கடை அளவில் மட்டும் ஒரு மஞ்சள் கறை. மிச்சம் முழுதும் உள்ளே சுருளில் பத்திரமாக இருந்தது. நான் எப்போதும் பேக்கப்பைத் தொடங்குமுன் டேப்பைக் கொஞ்சம் வெறுமனே ஓடவிடுவேன். அதனால் கறை பட்ட இடத்தில் பாட்டு இருக்க வழியில்லை.

"'மெதுவா, மெதுவா. எனக்கு ஆபரேசன் செஞ்ச டாக்டரே இவ்வளவு பேரை வெச்சுக்கலை,'" என்று பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. எல்லோரும் சிரித்ததில் முதலாளியின் டார்ச் ஆடியது.

மூன்றாவது தடவை டேட் மெஷின் டேப்பை ஏற்றுக்கொண்டது. சுற்றியது. ஸ்பீக்கரில் அந்த ஆலங்கட்டி மழை! எனக்கு அதைவிட இனிமையான சங்கீதம் வேறில்லை. நிறுத்திப் பின்னால் ஓட்டிவிட்டு, திரும்ப ஏற்றுவதற்கான கட்டளையைத் தேடிப் போனேன். மெஷின் ஒரு கேள்வி கேட்டது. உங்கள் அம்மா படித்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி திரையைப் படித்தாள்.

"கையை எடுங்க! அமுக்கிராதீங்க!"

"ஏன்?"

"டேப்பிலிருந்து ஏத்தறதுக்கு முன்னால, டிஸ்கில இருக்கறதை எல்லாம் அழிச்சுப்போடுமாம். சம்மதமான்னு கேக்குது."

"அதுலதான் ஒண்ணுமில்லையே, அழிச்சா அழிக்கட்டும்" என்றார் கண்டக்டர் அண்ணன்.

"இல்லீங்கண்ணா. பேருதான் காணோம். பாட்டு உள்ள கெடக்கலாம். மெட்ராஸ்ல தெரிஞ்சவங்க யாராவது எடுத்துத் தரலாம். அதை அழிச்சுப்போட்டு, இந்த டேப்பும் பாதியில மக்கர் பண்ணுச்சுன்னா, அக்காவோட குரலு ஒரு பக்கமும் இருக்காதுங்க."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது அவளை எவ்வளவு பிடித்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். விட்டால் நான் அமுக்கியிருப்பேன்.

அவளே வழியும் சொன்னாள். அந்த டிஸ்கை இரண்டு பங்காகப் பிரித்து வைத்திருந்தோம். முதல் பங்கில்தான் அக்காவின் பாட்டு இருந்தது. ஏற்றுகிற பங்கை மட்டும்தான் மெஷின் அழிக்கும், அதனால் முதல் பங்கைத் தொடாமல் இரண்டாவது பங்கில் டேப்பிலிருந்து ஏற்றலாம் என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் இரண்டாவது பங்கில் என்ன இருந்தது தெரியுமா? முதலாளியின் பாட்டு. ஆடி மாதத்திலிருந்து அவரே பாடிச் சேர்த்த எட்டு முருகன் பாட்டு. ஒவ்வொரு தடவையும் நான் பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்பேன். "இன்னும் ஒருக்காப் பாடிப் பாத்தர்றேன் தம்பி, பொறவு எடுத்துக்கலாம்" என்பார். எங்களிடம் காலியாக இருந்தது ஒரே ஒரு டேட் டேப். அது அக்காவின் மாஸ்டருக்கென்று வைத்தது. புதுசு வேண்டுமென்றால் மெட்ராசிலிருந்துதான் வர வேண்டும், ஒரு வாரம் ஆகும். முதலாளியின் பாட்டை அதில் எடுத்து வைத்தால் அக்காவுக்கு மாஸ்டர் இல்லை. எடுக்காவிட்டால் அவர் பாட்டு அழிந்துபோகும்.

நான் முதலாளியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"என்ற பாட்டுத்தானுங்க? அழிச்சுப்போடுங்க" என்றார் அவர். "எனக்கென்ன, கழுத்து நல்லாத்தான இருக்குது. அடுத்த ஆடிக்குப் பாடிக்கறேன்."

அக்கா விரலை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு எழுதினார்கள்.

"'அழிக்கறதுக்கு முன்னால ஒண்ணைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. ஒருத்தரு பாட்டை வாங்கிக்கறோம், என்னன்னு கேக்காம வாங்கக் கூடாது.'"

முதலாளி வெட்கப்பட்டார். நான் ஒரு பாட்டை முழுதாகப் போட்டேன். ஆறடி உயரம், கிடா மீசை, ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவர் குரல் ஏற்றத்தில் திணறுகிற லாரி மாதிரி இருக்கும். அக்கா கண்ணை மூடிக் கடைசிவரைக்கும் கேட்டார்கள். முடிந்ததும் எழுதினார்கள். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக ஏற்ற இறக்கத்தோடு, தயங்கித் தயங்கிப் படித்தார்.

"'தாராளமா... அழிக்கலாம்.'"

முதலாளி சிரித்த சிரிப்பில் கீழே கடைக்காரர்கள் மேலே எட்டிப் பார்த்தார்கள். "அம்மணி, இந்த நெசத்தை இத்தனை நாளா எவனும் சொல்லலீங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் இரண்டாவது பங்கைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் அம்மா மூன்று தடவை சரிபார்த்தாள். அமுக்கினேன்.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடியது. அந்த ஒரு மணி நேரமும் எங்களுக்கு இரண்டே பயம். டேப்பு சிக்கக் கூடாது, கரண்டு போகக் கூடாது. முதலாளி எழுந்து போய் மெயின் சுவிட்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டார். யாரும் கிட்டே வரக் கூடாதாம். "இறக்குனவனே காவலுக்கு நிக்கறேன்" என்றார். ஃபேனை நிறுத்தினோம். சத்தம் போட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் யாரும் பேசவில்லை. இரைச்சல் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல வளர்ந்தது. பாதியில் ஓரிடத்தில் இரைச்சல் கண்ணிமைக்கும் நேரம் அறுந்தது. எனக்கு நெஞ்சு அறுந்தது. உடனே திரும்ப வந்துவிட்டது. மெஷின் ஒன்றும் சொல்லாமல் மேலே போனது.

இரைச்சல் நின்றது. திரை மாறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு பாட்டின் பெயரும் வரிசையாக வந்து நின்றன!

"வந்துருச்சு! வந்துருச்சுங்க!" என்று கத்தியது உங்கள் அம்மாதான். நான் முதல் பாட்டைப் போட்டேன். அக்காவின் குரல் அறை முழுக்க எழுந்தது.

அக்கா அசையவில்லை. அப்புறம் அவர்கள் உதடு பாட்டோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது.

"ஏய், ஏய்! கிசுகிசுக்கக்கூடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல?" என்று அண்ணன் பதறினார். அக்கா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணில் மட்டும் தண்ணீர்.

ஒவ்வொரு பாட்டாக, ஒவ்வொரு டிராக்காகத் தட்டிப் பார்த்தேன். ஆறு பாட்டிலும் குரல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. மூன்றாம் பாட்டில் மட்டும், கைத்தட்டல் பதிந்த டிராக் படபடவென்று வெடித்தது. இரைச்சல் அறுந்த இடம் அதுதான் போலிருக்கிறது. சந்தனத் தூள் செய்த வேலையா, டேப்பின் கோளாறா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கைத்தட்டல்தான? நம்ம கையெல்லாம் என்ன பூஜைக்கா வெச்சிருக்குது?" என்றார் முதலாளி.

எல்லோரும் நார் மெத்தை அறைக்குள் போனோம். நான் மைக்கை நடுவில் வைத்துவிட்டு ஓடிவந்து பட்டனை அமுக்கிவிட்டு மறுபடி உள்ளே ஓடினேன். முதலில் யார் கையும் சேரவில்லை. முதலாளி பஜனைக்குத் தட்டுகிற மாதிரி தட்டினார், கண்டக்டர் அண்ணன் பஸ்ஸில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி தட்டினார். அக்கா எல்லோரையும் நிறுத்தினார்கள். நடுவில் வந்து நின்று, தலையால் தாளம் காட்டி, தாங்களே முதல் தட்டைத் தட்டினார்கள். ஹெட்போனில் அவர்கள் குரல் பாட, மூடிய வாயோடு அவர்களே அதற்குத் தாளம் போட, நாங்கள் நான்கு பேரும் பின்னால் தட்டினோம். உங்கள் அம்மாவின் வளையல் சத்தமும் சேர்ந்து பதிந்துவிட்டது. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்கள்.

சாயங்காலத்துக்குள் மிக்ஸ் முடித்து, காலியாக இருந்த டேட் டேப்பில் மாஸ்டர் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதைக் கண்டக்டர் பைக்குள் வைத்து, பையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ரயிலுக்கு ஓடினார். டிசம்பரில் கேசட் வந்தது. மேட்டுப்பாளையத்தில் டீக்கடைகளில்கூடப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அக்காவின் குரல் திரும்பியதா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்?

தை பிறந்து சில நாள் கழித்து ஸ்டுடியோவுக்கு ஒரு போன் வந்தது. எடுத்தேன். கரகரவென்று, கனமான ஒரு பெண் குரல்.

"ஏனுங்க தம்பி, மெஷினு சவுக்கியமா இருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்க. யாருங்க பேசறது?"

அந்தப் பக்கம் சிரிப்பு. சிரிப்பு மட்டும் மாறவே இல்லை.

"உன்ற மெஷினுல என்ற குரலைப் புடிச்சு வெச்சிருக்கறயே, போட்டுக் கேட்டுப் பாரு. யாருன்னு தெரியும்."

"அக்கா!" என்றேன்.

"புதுக் குரலு தம்பி. கொஞ்சம் தடிமனா இருக்குது, ஆனா தாங்கும்னு டாக்டரு சொல்றாரு. இதுக்குத் தகுந்தாப்புல ரெண்டு பாட்டு எழுதி வெச்சிருக்கறேன். அடுத்த வாரம் வாரேன். உங்க முதலாளி அன்னைக்குப் பாடறாருன்னா மட்டும் முன்னாலயே சொல்லிப்போடு, வேற நாள் பாத்துக்கறேன்."